நீர் மூலகம்

மீஞ்சூர் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறந்திருக்கும். வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். உள்ளே பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் கிடையாது, மூலையில் ஒரு எவர்சில்வர் உண்டியல். சுவரில் "பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் தண்ணீர் குடி, களைத்தால் ஓய்வெடு" என்று ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடிக்கும். டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட நேரத்துக்கு வாய்க்காது என்பதாலும் இருக்கலாம்.

ஹீலர் தம்பியின் கையைப் பிடித்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அப்புறம் இன்னொரு கை. நான் போனை எடுத்து நேரம் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, டாக்டர் அறைக்குள் நாங்கள் இருந்தது மொத்தமே மூன்று நிமிஷம். அதில் அவர் தம்பியைத் தொடவே இல்லை.

"நீர் மூலகம் குறைஞ்சிருக்கு. கிட்னி சக்தி. பயந்திருக்கான்" என்றார் ஹீலர். பிறகு குனிந்து, எங்களுக்குக் கேட்காத குரலில் தம்பியிடம் என்னமோ கேட்டார். தம்பி தலையைக் குனிந்தபடி ஆமாம் என்று ஆட்டினான்.

"பயம் வந்தா உடம்புல சக்தி கீழ இறங்கும் தம்பி. அப்ப மூத்திரம் நிக்காது. எனக்கே அப்படித்தான் ஆவும். உன் தப்பு ஒண்ணும் இல்ல."

பதினொரு வயசுப் பையன், ஆறாம் வகுப்பு. ஒரு மாதமாகப் பாயை நனைத்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா விடியுமுன் எழுந்து பாயை அலசிப் போடுவாள், அவ்வளவுதான். அதை முதல்முறை ஒருவர் அவனிடமே, திட்டாமல், சிரிக்காமல், காரணத்தோடு சொன்னார். திரும்பும்போது பைக்கின் நடுவில் உட்கார்ந்து தம்பி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தான். டிசம்பருக்குப் பிறகு அவன் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

(இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேர் போடாத, ஸ்கூல் பேர் போடாத, மத்ததெல்லாம் போட்டுக்கோ" என்றான்.)

*

2023 டிசம்பர் எங்கள் பக்கத்துக்கு ஒரு மாதமாக இல்லை. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடியும்போது எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் படிந்தது. படகு, வலை, கரை எல்லாம் கறுப்பு. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தம்பி அதை நேரில் பார்த்தான். சிறகை விரிக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி மடக்கிக்கொண்டதாம். அதைக் கைகளை வைத்துச் செய்து காட்டினான்.

நாங்கள் இருப்பது வள்ளூர். கொசஸ்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கம். சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகச் சாலை, கன்டெய்னர் யார்டுகள். நான் அப்படி ஒரு யார்டில்தான் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆயா, அம்மாவின் அம்மா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எண்ணூர்க் குப்பங்களில் ஒன்றில் இருக்கிறாள். அரையாண்டு லீவு விட்டதும் தம்பி ஆயா வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வருஷமும் போனான்.

டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். காலையில் ஆயா கடலில் பூப்போட்டுப் பால் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். அன்று நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம் பக்கம், ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்களுக்கு மூக்குதான் சைரன். கண் எரிச்சல், நெஞ்சடைப்பு. ஆயா துண்டைத் தண்ணீரில் முக்கித் தம்பி மூஞ்சியில் அழுத்தி, அவனை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இருட்டில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் ஓட்டம். கடைசியில் ஒரு லோடு ஆட்டோ. திருவொற்றியூரில் ஒரு மண்டபத் திண்ணையில் அவர்களை நான் கண்டுபிடித்தபோது மணி மூன்று. தம்பி அழவில்லை. ஈரத்துண்டை மூக்கிலிருந்து எடுக்கவும் இல்லை. துண்டு காய்ந்துபோயிருந்தது.

அப்புறம் குப்பத்து ஜனங்கள் பந்தல் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். டிவி வந்தது. கமிட்டி வந்தது. தம்பிக்கு என்ன ஆனது என்பது அந்தக் கணக்குகள் எதிலும் வராது. அவன் மருத்துவமனையில் சேர்க்கப்படவில்லை. ஏற்கெனவே சின்ன வயசிலிருந்து இருந்த வீசிங் கொஞ்சம் கூடியது. பள்ளி திறந்ததும் தினமும் காலையில் வயிறு வலித்தது. பயம் என்கிற வார்த்தை அந்த வயசில் வாயில் வராது போல. வயிறு வலிக்குது என்றுதான் வரும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "நடிக்கிறான்" என்று வகுப்பில் சொன்னார்கள். இரவில் ஜன்னலைச் சாத்தச் சொல்வான். சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று திறக்கச் சொல்வான்.

நம்மூரில் பத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவிலிருப்பதை ரெண்டுங்கெட்டான் வயசு என்பார்கள். நான் அதை வெறும் கிண்டல் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பியைப் பார்த்த பிறகு வேறுமாதிரி புரிந்தது. மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு பயமா இருக்கு என்று சொல்ல அவனுக்கு வயசு தாண்டிவிட்டது. பெரியவர்களைப் போலக் காரணத்தோடு பேச வயசு வரவில்லை. சின்னப் பிள்ளை என்றால் தூக்கிக்கொள்வோம், பெரியவன் என்றால் கேட்போம். இவனை என்ன செய்தோம்? திட்டினோம்.

அம்மா முதலில் பார்த்தது மந்திரிப்பதைத்தான். "பயந்த கோளாறு" என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. அதற்குத் தர்காவில் தண்ணீர் ஓதித் தருவார்கள், அம்மன் கோயிலில் வேப்பிலையால் தட்டுவார்கள். இரண்டுக்கும் போனோம். இடுப்பில் தாயத்து ஏறியது. பாய் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அப்பா, தன் முதுகுவலியைச் சரிசெய்த ஹீலரைப் பற்றிச் சொன்னார்.

*

சீன மருத்துவம் மீஞ்சூர் ஜெராக்ஸ் கடை மாடிக்கு எப்படி வந்தது என்று அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் வேலையே நிங்போ, ஷாங்காய், ஷென்ஜென் என்று பில்லில் தட்டுவதுதான். காட்டுப்பள்ளியிலும் காமராஜர் துறைமுகத்திலும் இறங்கும் பெட்டிகளில் பொம்மை வரும், மோட்டார் வரும், டைல்ஸ் வரும். ஒரு வைத்தியம் எந்தப் பெட்டியில் வந்தது?

தேடிப் படித்தேன். 1938இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்தார். அவரைப் பற்றி சாந்தாராம் படமெடுத்தார். கூடப் போன இன்னொருவர் பிஜோய் குமார் பாசு, கல்கத்தாக்காரர். அவர் 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் ஊசி குத்த ஆரம்பித்தார். மேற்கு வங்கம் 1996இல் அதற்குத் தனிச் சட்டமே போட்டது. தெற்கே கொழும்பில் களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜெயசூரிய ஊர் உலகத்துக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். இந்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது.

தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது தமிழ்நாட்டு உடுப்பு போட்டுக்கொண்டது. இங்கே பல ஹீலர்கள் ஊசியே வைப்பதில்லை. ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதோடு சரி. சீனர்களின் ஐந்து மூலகங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இங்கே அதைப் பஞ்சபூதத்தோடு பொருத்தி, உலோகத்தைக் காற்று என்றும் மரத்தை ஆகாயம் என்றும் ஆக்கிவிட்டார்கள். நுரையீரல் சீனாவில் உலோகம், மீஞ்சூரில் காற்று. மொழிபெயர்ப்பில் இதைவிடத் துணிச்சலான வேலையை நான் பார்த்ததில்லை. நாடி பிடிப்பதும் அப்படித்தான். நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பார்க்கும் அதே மணிக்கட்டில், சீனக் கணக்கில் மேலோட்டமாகவும் அழுத்தியும் பார்த்து ஒரு கைக்கு ஆறு, இரண்டு கைக்குப் பன்னிரண்டு நாடி.

உணர்ச்சிகளுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் விலாசம்தான் என்னை இழுத்தது. கோபம் கல்லீரலில், மகிழ்ச்சி இதயத்தில், ஓயாத யோசனை மண்ணீரலில், துக்கம் நுரையீரலில், பயம் சிறுநீரகத்தில். 'மஞ்சள் பேரரசர்' பேரில் வழங்கும், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மருத்துவ நூலிலேயே பயம் வந்தால் சக்தி கீழிறங்கும் என்ற கருத்து இருக்கிறது. ஹீலர் தம்பி காதில் சொன்னது அதைத்தான். உடற்கூறாக இது சரியில்லை. சிறுநீரகத்துக்குள் பயம் உட்கார்ந்திருக்காது. ஆனால் பயம் உடம்பில் நடக்கிற ஒன்று என்பதை இவர்கள் மறக்கவில்லை. வயிற்றுவலி என்று போனால் "வயித்துல ஒண்ணும் இல்ல, மனசுலதான்" என்று சொல்லி அனுப்புகிறவர்களிடம் அடிபட்டு வந்தவனுக்கு, மனசும் வயிறும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன என்று சொல்கிற வைத்தியம் ஆறுதலாகத்தானே இருக்கும்?

ஹீலர் இரண்டு புள்ளிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று உள்கணுக்கால் எலும்புக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவில் உள்ள பள்ளம். இன்னொன்று மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கம். அதற்குச் சீனத்தில் ஷென்மென் என்று பேர், மனத்தின் வாசல் என்று அர்த்தம் சொன்னார். பயம் வரும்போது கட்டைவிரலை அங்கே வைத்து மெதுவாக அழுத்தி, மூச்சை எண்ணச் சொன்னார். தம்பி இதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான். பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். பிப்ரவரியில் நனைகிற நாள் குறைந்தது. வயிற்றுவலி வாரத்துக்கு ஒன்றாக ஆனது.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இப்போதும் அது முழுசாகப் போகவில்லை.

*

நான்காவது ஞாயிறு அவர் அப்பாவிடம் பம்பைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டில் இன்ஹேலருக்கு அதுதான் பேர். தம்பிக்கு வீசிங் வந்தால் நீலப் பம்ப், தினமும் காலை மாலை இன்னொன்று.

"அத நிறுத்துங்க. உடம்பு தன் கழிவ வெளிய தள்ளுது. அத மருந்து போட்டு உள்ள அமுக்குனா எப்படி? விடியக்காலம் மூணுலேருந்து அஞ்சு நுரையீரலோட நேரம். அந்த நேரத்துல இருமல், இழுப்பு வந்தா நல்லதுன்னு நெனைங்க. சுத்தம் பண்ணுது."

சீனர்களின் உறுப்புக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆளுக்கு இரண்டு மணி நேரம். அதில் நுரையீரலுக்கு அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து என்பது உண்மைதான். இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருப்பது ஒன்றுண்டு. ஆஸ்துமா விடிகாலை நான்கு மணி வாக்கில் மோசமாகும் என்பதை நவீன மருத்துவமும் சொல்கிறது. அந்த நேரத்தில் மூச்சுக்குழல் சுருங்குவது கூடும், உடம்பில் இயல்பாகச் சுரக்கும் சில ஹார்மோன்கள் குறைந்திருக்கும். யாரோ ஒரு பழைய வைத்தியர் நோயாளி பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்து அதைக் கவனித்திருக்க வேண்டும். கண்டது சரி. நுரையீரல் அந்த நேரத்தில் துணி துவைக்கிறது என்று அதற்குப் போட்ட அர்த்தம்தான் தப்பு. அந்த நேரத்தில் அது திணறுகிறது.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசினேன், அப்பா கேட்கவில்லை. அம்மா பம்பை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். தூக்கிப் போட அவளுக்கு மனசில்லை, கொடுக்கத் தைரியமும் இல்லை.

பதினோராவது நாள் இரவு. மூன்றரை மணி. விசில் மாதிரி ஒரு சத்தத்தில் விழித்தேன். தம்பி உட்கார்ந்து முழங்காலில் கை ஊன்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போயிற்று. அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "அஞ்சு மணிக்குச் சரியாயிடும்டா, கழிவு வெளிய போவுது" என்றார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் பிடித்த பிடியை விட முடியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்ப் பம்பை எடுத்துவந்தாள். இழுக்கக்கூட அவனிடம் மூச்சில்லை. இரண்டு தடவை அடித்தது வாயோரத்தில் வெள்ளையாக நின்றது.

பைக்கில் அப்பா, நடுவில் தம்பி, பின்னால் நான். மீஞ்சூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. துறைமுகத்துக்குள் போக முறைக்குக் காத்திருக்கும் வண்டிகள். அப்பாவின் சக டிரைவர்கள் அதில் பலர், கேபினில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். இடுக்கில் புகுந்து புகுந்து போனோம். நான் தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு கையும் என் கைக்கு மேலே இருந்தன. ஒரு கையின் கட்டைவிரல் இன்னொரு கையின் மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், அழுத்திக்கொண்டே இருந்தது. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டு வந்தான்.

மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்தபோது தூங்கிவிட்டான். டியூட்டி டாக்டர், என்னைவிட இரண்டு வயசு கூட இருக்கும், அப்பாவைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை நாளா நிறுத்துனீங்க?" அப்பா பதில் சொல்லாமல் வெளியே போய் டீக்கடையில் நின்றுகொண்டார். டீ வாங்கவில்லை.

*

அதற்கடுத்த இரண்டு வாரம் நான் வெறிபிடித்த மாதிரி படித்தேன். கொஞ்சம் ஹீலரை அடித்துப் போட ஆதாரம் தேடினேன், கொஞ்சம் பைக்கில் அந்தக் கட்டைவிரலுக்கு விளக்கம் தேடினேன்.

ஊசி வேலை செய்கிறதா என்று சோதிப்பதே பெரிய தலைவலி. மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். குத்தாமல் குத்தின மாதிரி எப்படி ஏமாற்றுவது? 1998இல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரைட்பெர்கர், நாடகக் கத்தி மாதிரி நுனி கைப்பிடிக்குள்ளேயே போய்விடும் ஒரு பொய் ஊசியைச் செய்தார். அதை வைத்தும், வேறு விதமான பொய் ஊசிகளை வைத்தும் நடந்த பல ஆய்வுகளில் ஒரு சங்கடமான விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. நிஜ ஊசிக்காரர்களுக்கும் தேறுகிறது, பொய் ஊசிக்காரர்களுக்கும் தேறுகிறது, இரண்டுக்கும் வித்தியாசம் பல சமயம் சின்னதுதான்.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. 1970இல் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸில் லிங்கன் மருத்துவமனையை யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கைப்பற்றினார்கள். பிளாக் பாந்தர்களும் சேர்ந்துகொள்ள, போதையிலிருந்து மீள ஒரு மையம் தொடங்கியது. பிறகு அங்கே காதில் ஊசி வைக்கும் முறை வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் முதுலு ஷகூர், ராப் பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை! வடசென்னையில் டூபாக் டீஷர்ட் போட்டுத் திரியும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அரசாங்கம் கைவிட்ட ஒரு குடியிருப்பு, தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள எடுத்த ஆயுதம் அது. காதில் ஐந்து புள்ளிகள், அதில் ஒன்றுக்கும் ஷென்மென் என்றே பேர். 2001 இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகும் 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகும் அதே முறையை மனம் அதிர்ந்தவர்களுக்கு வரிசையாக உட்காரவைத்துச் செய்தார்கள்.

படித்துக்கொண்டே வந்து ஹீலரை மன்னித்துவிடலாம் போல ஆன இடத்தில், 2002இல் கோகெய்ன் பழக்கத்துக்கு 620 பேரிடம் நடந்த சோதனை எதிரில் வந்தது. காதில் சரியான புள்ளியில் குத்தியதற்கும் தப்பான இடத்தில் குத்தியதற்கும் சும்மா அமைதியான வீடியோ காட்டியதற்கும் வித்தியாசமே இல்லை.

எனக்கு இதிலிருந்து கிடைத்தது இவ்வளவுதான்: புள்ளி எங்கே என்பது அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். ஒருத்தர் நிதானமாக உட்கார்ந்து, கையைப் பிடித்து, உனக்கு என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லி, நீயே செய்துகொள்ளும்படி ஒரு காரியத்தை அவன் கையில் கொடுப்பது முக்கியமாக இருக்கலாம். அப்படியென்றால் ஹீலர் செய்த நல்லதும் நிஜம், அந்த இரவும் நிஜம். அப்பா இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். ஏனென்றால் அவருக்கு அது தனித்தனிப் பொட்டலமாகக் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டறேன்மா. எத்தன ஆஸ்பத்திரி. ஒருத்தன் எங்கையப் புடிச்சி, உனக்கு இன்னா பண்ணுதுன்னு கேட்டதில்ல. அவுரு கேட்டாரு." சண்டை அத்தோடு முடிந்தது.

*

அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள் அக்குபங்சரும் பார்க்கிறார்கள் என்று யார்டில் ஓர் அக்கா சொன்னாள். தம்பிக்கு மறுபடி அந்தப் புள்ளிக்காரர்களிடம் போக வேண்டும் என்று இருந்தது. எனக்குப் பம்பை நிறுத்தச் சொல்லாத ஆள் வேண்டும். அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறினோம். எண்ணூர் ஸ்டேஷன் வரும்போது தம்பி வாயை மூடிக்கொண்டான். கத்திவாக்கம், விம்கோ நகர் தாண்டும்வரை முடிந்தவரை மூச்சை அடக்கி அடக்கி விட்டான். முகம் சிவந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது பம்ப் கொண்டுவந்திருக்கீங்களா என்றுதான். அதை எப்படி இழுக்கிறான் என்று செய்துகாட்டச் சொல்லி, தப்பைத் திருத்தி, ஸ்பேசர் வாங்கச் சொன்னார். அப்புறம் தம்பியின் காதில் கடுகு மாதிரிக் குட்டி விதையைப் பிளாஸ்திரியோடு ஒட்டினார். பயம் வரும்போது அதை அழுத்திக்கொள்ள வேண்டும். "இது உன்ன கொஞ்சம் அமைதியாக்க உதவும். வீசிங்குக்கு மருந்து இது கெடையாது. வேற வேற" என்று அவனிடமே சொன்னார். பிள்ளைகளின் மனநல டாக்டர் ஒருத்தரையும் பார்க்கச் சீட்டு எழுதினார். 14416க்குப் போன் பண்ணினாலும் பேசுவார்கள் என்றார்.

கிளம்பும்போது தம்பி நின்றான். ஹீலரிடமும் அவன் இதையே கேட்டிருக்கிறான், எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் தலையைத் தடவி, "அதெல்லாம் வராது" என்றாராம்.

"டாக்டர், திரும்ப கேஸ் வந்தா எந்தப் புள்ளிய அழுத்தணும்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"கேஸ் வந்தா புள்ளி கெடையாதுப்பா. ஓடணும். ஈரத்துணியால மூக்க மூடிக்கணும், அம்மோனியா தண்ணியில கரையும், அதனால ஈரம் உதவும். காத்து எங்கருந்து அடிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கால ஓடணும். காத்து போற திசையில ஓடக்கூடாது, கேஸும் கூடவே வரும்."

"எங்க ஆயா ஈரத்துணி வச்சாங்க" என்றான்.

"உங்க ஆயா பெரிய டாக்டர்."

மூன்று மாதமாக எல்லாரும் அவனுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். சிறுநீரகத்தில், வயிற்றில், தாயத்துக்கடியில், மனசில். நீர் மூலகம் குறைவு. ஆனால் குழாய் வெளியில்தான் இருந்தது. பையன் பயந்தது கோளாறு இல்லை, சரியாகத்தான் பயந்தான். அவன் கேட்டதெல்லாம் அடுத்த தடவை என்ன செய்வது என்பதுதான்.

*

மனநல டாக்டர் கொடுத்த வேலை எளிமையாகத் தெரிந்தது, ஆனால் பல மாதம் பிடித்தது. ஆயா வீட்டுக்கு முதலில் பகலில் ஒரு மணி நேரம். அப்புறம் சாப்பாடு வரை. அப்புறம் சாயந்திரம். பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று அவனே நோட்டில் எழுதுவான். முதல் நாள் எட்டு என்று எழுதியிருந்தான். அழித்து ஒன்பதாக்கியிருந்தான்.

ஆயா இந்த வைத்தியத்தில் தானாகச் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு எண்ணூர்க் கடலில் வருஷம் பூராவும் அடிக்கும் காற்றின் பேரெல்லாம் தெரியும். நைனா மீன்பிடிக்கப் போன காலத்தில் கரையில் நின்று காற்றைப் பார்த்தே எப்போது திரும்புவார் என்று சொல்வாளாம். வாசலில் ஒரு கம்பு நட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டாள்.

"மார்கழில வாடைடா. வடக்கேந்து வரும். வாடை அடிச்சா மேக்கால ஓடு, ரயிலு ரோட்டப் பாத்து. கொண்டல் அடிச்சா கடலுலேந்து வருதுன்னு அர்த்தம், அப்போ நேரா உள்ள ஓடாத, தெக்கயோ வடக்கயோ வெலகு. புரிஞ்சிதா? திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். நோட்டில் படம் போட்டான், அம்புக்குறி போட்டான். ஒரு பை தயார் செய்து ஆணியில் மாட்டினான்: இரண்டு துண்டு, தண்ணீர் பாட்டில், டார்ச், பம்ப், ஆயாவின் பிரஷர் மாத்திரை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு பை வேண்டும் என்றார்கள். அந்தத் தெருவில் இப்போது ஐந்து வீட்டில் பை தொங்குகிறது. இதைக் கேட்டு அம்மா பெருமைப்பட்டாள். எனக்கு ஐந்து பையையும் பார்க்கும்போது வயிறு வலித்தது.

காது விதையை ஜூனிலேயே விட்டுவிட்டான். பிளாஸ்திரி அரிக்கிறதாம், பசங்களும் கேலி செய்கிறார்களாம். மணிக்கட்டுப் பழக்கம் மட்டும் இருக்கிறது. கணக்குப் பரீட்சைக்கு முன்னால் செய்வான், இந்தியா கடைசி ஓவர் போடும்போது செய்வான். அப்பா இன்னும் ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிக்குத் தன் முதுகுக்காகப் போகிறார். தம்பியைக் கூப்பிடுவதில்லை.

2024 அரையாண்டு லீவில் தம்பி ஆயா வீட்டில் தங்குகிறேன் என்றான். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டிசம்பர் 26 இரவு ஆயா குறட்டை விட, நான் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும்.

"அக்கா."

முழித்துதான் இருந்தான்.

"காத்து எங்கருந்து?"

எழுந்து கதவைத் திறந்து வெளியே போனேன். தெருவிளக்கில் ஆயாவின் சேலைக் கிழிசல் தெரிந்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மேக்கேந்து. கடலுக்குப் போவுது" என்றேன் உள்ளே வந்து.

"அப்போ சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.